பரிந்துரை எண் ஒன்று

அலுவலகத்தில் அவருக்கு முதலில் வைத்த பட்டப்பெயர் ஆணி. உள்தணிக்கைப் பிரிவில் சேர்ந்த புதிதில் எந்தத் துறைக்குப் போனாலும் இரண்டு குறையாவது தோண்டி எடுத்து, உள்ளது உள்ளபடி எழுதிவிட்டுத்தான் ஓய்வார். அறிக்கை போன இடமெல்லாம் யாருக்காவது குத்தும். அதனால் ஆணி. பன்னிரண்டு வருடம் கழித்து இப்போது அவர் பெயர் பஞ்சு. ஆணி எப்படிப் பஞ்சாகும் என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் தொழில் திறன் வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள்.

உள்தணிக்கை என்பது வேறொன்றுமில்லை. கம்பெனியின் ஓட்டை உடைசலைக் கம்பெனி ஆளே போய்ப் பார்த்து, மேலே உள்ளவர்களுக்குச் சொல்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்னால் தலைமைத் தணிக்கையாளர் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். தணிக்கை முடிந்ததும், தணிக்கைக்கு ஆளான துறை, தணிக்கை செய்தவருக்கு மதிப்பெண் போட வேண்டும். பழகிய விதம் எப்படி, பேசிய தொனி எப்படி, மனம் நோகாமல் குறை சொன்னாரா என்று ஐந்து கேள்வி. ஐந்துக்கு நாலரை சராசரி இல்லாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது. காவல்காரனுக்கு மார்க் போடும் பொறுப்பைச் சுவர் ஏறிக் குதிக்கிறவனிடம் கொடுத்தாயிற்று. சுவர் ஏறிக் குதித்தவர்களும் மிகுந்த பொறுப்போடு மார்க் போட்டார்கள்.

அந்த வருடம் ஆணிக்குக் கிடைத்தது இரண்டு புள்ளி ஒன்று. உடனே அவரை ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் ஒரு பட்டியல் கொடுத்தார். ‘இல்லை’ என்று எழுதக் கூடாது, ‘வளர்ந்துவருகிறது’ என்று எழுத வேண்டும். ‘உடைந்திருக்கிறது’ கூடாது, ‘கவனம் கோருகிறது’. ‘தவறு’ என்ற சொல் அகராதியோடு போகட்டும், நமக்கு ‘வாய்ப்பு’ போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, எதிரில் இருப்பவரின் வீடு பற்றி எரிவதை அவர் முகம் வாடாமல் சொல்லிப் பழகச் சொன்னார்கள். நம்மவர் முதல் தடவை ‘உங்க வீடு எரியுது’ என்று சொல்லித் தோற்றார். இரண்டாம் நாள் மாலைக்குள், ‘உங்க வீட்ல வெளிச்சம் எதிர்பார்த்ததவிட அதிகமா இருக்கு’ என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து ஏறுமுகம். போன வருடம் நாலு புள்ளி மூன்று. துணைத் தலைவர் நாற்காலி காலியாகி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரே ஒரு துறை ஐந்துக்கு ஐந்து போட்டால் போதும், நாற்காலி அவருக்குத்தான். வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மச்சானிடம் போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. அவர் பார்க்கும்போதெல்லாம், ‘என்ன மாப்பிள்ளை, நாற்காலி வந்துடுச்சா, இல்ல ஆசாரி இன்னும் இழைச்சிட்டு இருக்காரா’ என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்த ஒரே ஒரு துறையாக வந்து வாய்த்தது குளிர்பதனக் கிடங்கு.

ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் மைனஸ் இருபது டிகிரி. உறைந்த மீனும் காய்கறியும் இறைச்சியும் பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். கிடங்கு மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். தணிக்கை வருகிறது என்று பத்து நாள் முன்பே கடிதம் போட்டிருந்ததால் தரை பளபளத்தது, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. விருந்தாளிக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பஞ்சு உள்ளே போகலாம், அவ்வளவு பெரியது.

மூன்றாம் அறையின் கனத்த கதவு முழுதாக மூடவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு மரக்கட்டை செருகியிருந்தது. அவர் கையிலிருந்த பட்டியலில் பதினாலாம் கேள்வி: கதவு எப்போதும் மூடியிருக்கிறதா? மூடவில்லை என்று அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பழைய ஆணி கொஞ்சம் உள்ளே மிச்சம் இருந்தது. மூடினால் ரப்பர் பட்டை காற்றுப் புகாமல் ஒட்டுகிறதா என்று உள்ளிருந்தே பார்க்க ஆசைப்பட்டார். மேலாளர் ஒரு போன் வந்து அந்தப் பக்கம் போயிருந்த நேரம், கட்டையை ஷூவால் வெளியே எத்திவிட்டு உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாக வந்து மூடிக்கொண்டது. பட்டை பிரமாதமாக ஒட்டியது. பதினாலாம் கேள்விக்கு ஒரு சரிக்குறி போட்டார்.

உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. தள்ளினால் கதவு திறக்க வேண்டும். தள்ளினார். குமிழ் மட்டும் கையோடு உள்ளே போய்த் திரும்பி வந்தது, கதவு அசையவில்லை. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு என்றோ ஒடிந்துபோயிருக்கிறது. பக்கத்தில் ஆபத்து மணிக்கான சிவப்புப் பொத்தான். அழுத்தினார். எங்கேயும் எதுவும் அடிக்கவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. கதவை இரண்டு கையாலும் அறைந்தார், கத்தினார். கதவுக்குள் இருந்த நாலு அங்குல நுரைத் தகடு அத்தனை சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது. மேலே விசிறிகள் இரைந்தன. மூக்கு மயிர் உறைந்து ஊசியாகக் குத்தியது. மனைவி, மகள், பாக்கியிருக்கும் நாற்காலி என்று வரிசையாக நினைவுக்கு வந்து, பிறகு அதுவும் நின்று, பயம் மட்டும் இருந்தது. வெட்கத்தைவிட்டு அழுதார்.

பதினோரு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. பெட்டி அடுக்கும் பெண் நின்றிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கம்பளிச் சட்டை போட்டிருப்பாள் என்பதால் கிடங்கில் எல்லோருக்கும் கம்பளி அக்கா. கட்டை வெளியே அநாதையாகக் கிடப்பதைப் பார்த்ததும் சந்தேகப்பட்டுத் திறந்திருக்கிறாள். அவரை இழுத்து வெளியே உட்கார வைத்து, தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். குமிழ் போய் ஒன்றரை வருடம் ஆகிறது என்றாள். மணி பனி பிடித்துத் தானாக அடித்து மேலாளரின் போன் பேச்சைக் கெடுத்ததால் ஒயரைப் பிடுங்கிவிட்டார்களாம். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, ஆட்களே கூடிப் பேசி வீட்டுக்கு வீடு விறகுக் கட்டை கொண்டுவந்து ஆறு கதவுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

“என்ன வேணா எழுதுங்க சார். கட்டைய மட்டும் எடுக்கச் சொல்லிடாதீங்க. அதுதான் எங்க உயிரு.”

அவர் பல் தந்தியடிக்க, கதவையே சரிசெய்ய வைக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

அன்றே முதல் வரைவை எழுதினார்: ‘கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. மாட்டிக்கொள்பவர் சாகலாம்.’ நிறம்: சிவப்பு. பல வருடத்துக்குப் பிறகு நன்றாக எழுதிய உணர்வு வந்தது.

சிவப்பு போட வேண்டுமானால் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். அது தலைமைத் தணிக்கையாளரின் இன்னொரு ஏற்பாடு. கூட்டம் போட்டார்கள். ஓர் ஆபத்தை அளக்க இரண்டு எண் உண்டு: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு. பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்ற நிறம். மேலாளர் விபத்துப் பதிவேட்டை எடுத்து வைத்தார். மூன்று வருடத்தில் எத்தனை ஊழியர் உள்ளே மாட்டினார்கள்? பூஜ்யம். நானே மாட்டினேனே என்றார் பஞ்சு. மேலாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். நீங்கள் இந்தத் துறையின் ஊழியர் இல்லை, விருந்தாளி. விருந்தாளிப் பதிவேட்டில் இருப்பது உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். இரண்டும் சரியாக இருக்கிறது. ஆக வாய்ப்பு ஒன்று. பாதிப்பு? இதுவரை யாரும் சாகாததால் அதற்கும் புள்ளிவிவரம் இல்லை, அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. ஒன்றுக்கு நிறம் பச்சை. கணக்கு வாத்தியாரே வந்தாலும் குறை சொல்ல முடியாது.

அடுத்து, ஆபத்துக்கு ஓர் உரிமையாளர் வேண்டும். கதவு பராமரிப்புத் துறைக்குச் சொந்தம் என்றது கிடங்கு. கதவு எங்களுடையதுதான், ஆனால் அதில் படிகிற பனி கிடங்கினுடையது என்றது பராமரிப்பு. அநாதை ஆபத்தைப் பட்டியலில் சேர்க்க விதியில் இடமில்லை.

தலைமைத் தணிக்கையாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். மேலாளர் ரொம்ப நல்ல மனிதர், தொனி மட்டும் கொஞ்சம் மாறினால் ஐந்துக்கு ஐந்து போடத் தயாராக இருக்கிறார் என்றார். நாற்காலி என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. காலியாகக் கிடந்த அறையின் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார்.

இரண்டாம் வரைவில் சாவு போயிற்று: ‘உள்திறப்புக் குமிழ் செயல்படவில்லை.’ மூன்றாவதில் ‘குமிழின் செயல்பாடு கவனம் கோருகிறது.’ நான்காவதில் குமிழே போய்விட்டது: ‘குளிர் அறையிலிருந்து வெளியேறும் அனுபவத்தை மேம்படுத்த வாய்ப்பு உள்ளது.’ பச்சை. முப்பத்தோராம் பக்கம், பின்னிணைப்பு. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அவருக்கு உள்ளே ஏதோ அறுத்தது. அறுத்தது என்பதற்காகக் கை நிற்கவில்லை.

இப்போது வேறொரு சிக்கல் முளைத்தது. அறிக்கை முழுக்கப் பச்சையாக இருந்தால் தணிக்கைக்காரர் வேலையே செய்யவில்லை என்று இயக்குநர் குழு நினைக்கும். ஒரு மஞ்சளாவது வேண்டும். மேலாளரே பெரிய மனது பண்ணி உதவிக்கு வந்தார். பதினாலாம் கேள்வி இருக்கிறதே! கட்டை வைத்துக் கதவைத் திறந்து போடுகிறார்களே, குளிர் வீணாகிறதே, கரண்ட் போகிறதே. அதை எழுதுங்கள், ஒரே வாரத்தில் ஆறு கட்டையையும் அப்புறப்படுத்திவிடுகிறேன். உரிமையாளர் யார் என்றதற்கு, நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். ஆபத்துக்கு ஆள் இல்லை, கட்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

பஞ்சு ஒரு நாள் முழுக்கத் தள்ளிப் போட்டார். மறுநாள் எழுதினார். பரிந்துரை எண் ஒன்று: கதவுகளில் உள்ள மரக்கட்டைகளை அகற்றுதல். மஞ்சள்.

ஐந்துக்கு ஐந்து வந்தது. ‘பழக இனிமையானவர்’ என்று மேலாளர் தன் கையாலேயே எழுதியிருந்தார். சராசரி நாலு புள்ளி ஆறு. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு துணைத் தலைவர் பதவி. மச்சான் கேக் வாங்கி வந்து, ஆசாரியை வாழ்த்தினார். சாப்பிடும்போது மனைவி எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டாள். அவரும் சொன்னார். பயிற்சி எடுக்காதவள் என்பதால் நேராகக் கேட்டாள்.

“அந்தக் கதவ சரி பண்ணிட்டாங்களா?”

“அது பச்சைல இருக்கு.”

“பச்சைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?”

“பச்சைன்னா பச்சை.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு எழுந்து போனாள். கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கிடங்கிலிருந்து படங்கள் வந்தன: கட்டையோடு ஒரு கதவு, கட்டை இல்லாமல் அதே கதவு. பரிந்துரை நூறு சதவீதம் நிறைவேறியது. ஒவ்வொரு கதவிலும் ஒரு அறிவிப்பும் ஒட்டினார்கள்: ‘கதவை மூடவும். தணிக்கைப் பரிந்துரை எண் 1.’ அவர் எழுதியதை இவ்வளவு சுத்தமாக யாரும் இதற்கு முன் நிறைவேற்றியதில்லை. கட்டைக்குப் பதில், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும் என்று மேலாளர் விதி போட்டார். நிற்பதற்கு ஆள் போடவில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு மதியம். கம்பளி அக்காவோடு ஜோடியாக வேலை செய்பவளுக்கு உடம்பு சரியில்லாமல் லீவு. லாரி காத்திருந்தது. மேலாளர் போனில் அவசரப்படுத்தினார். அவள் தனியாக மூன்றாம் அறைக்குள் போனாள். நாற்பது நிமிடம் கழித்து, சரக்கு ஏன் வரவில்லை என்று திட்டிக்கொண்டே வந்த லாரி டிரைவர் கதவைத் திறந்தார். உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். குமிழைக் குத்திக் குத்தித் தோல் உரிந்த கை அது.

விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்பு துணைத் தலைவருக்கு. தலைமைத் தணிக்கையாளர் படிவத்தை நீட்டினார். அதில் மூன்றாம் கேள்விக்கு அவரே பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்: பாதிக்கப்பட்டவர் விதியை மீறினாரா? மீறித்தானே தனியாகப் போயிருக்கிறாள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் வாக்குமூலத்தையும் கையெழுத்தையும் வாங்கிவந்தால் விஷயம் முடிந்தது. போகிற போக்கில், உங்கள் தகுதிகாண் காலம் முடிகிற கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் அன்பாகச் சொன்னார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

பஞ்சு போனார். எட்டுக் கட்டில் உள்ள பொது வார்டு. அவள் ஜன்னலோரக் கட்டிலில், கம்பளி எதுவும் இல்லாமல், பாதி ஆளாகக் கிடந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்து வந்தவருக்கு அதுவே போதுமான அடியாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நலம் விசாரித்தார். இடது கையிலும் ஊசி ஏறிக்கொண்டிருந்ததால் அவளால் எழுத முடியாது. சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாக ஏற்பாடு. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“கதவு உள்ள இருந்து தொறக்காது. எல்லாருக்கும் தெரியும். இந்த சாருக்கும் தெரியும். கட்டை இருந்திருந்தா நான் வெளிய வந்திருப்பேன். அவ்ளோதான் சார்.”

அவர் பேனா ஓடியது. அவள் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. படித்துக் காட்டச் சொன்னாள். அவர் படித்தார்.

“வெளியேறும் வசதி தொடர்பாக ஏற்கெனவே அறியப்பட்ட மேம்பாட்டு வாய்ப்புகள் உள்ள சூழலில், மாற்று ஏற்பாடுகள் நடைமுறையில் இல்லாத நிலையில், தாமதமான வெளியேற்றம் நிகழ்ந்தது.”

படிக்கும்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. காது கேட்டதை, கை அதுபாட்டுக்கு இப்படி மாற்றி எழுதிவிட்டது. இரண்டு நாள் பயிற்சியும் நாலு வருடப் பழக்கமும் விரலில் போய் உட்கார்ந்துவிட்டன.

அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல நான் எங்க சார் இருக்கேன்?”

கேலி இல்லை, கோபம் இல்லை. உண்மையிலேயே தேடுகிறாள். அவரும் தேடினார். அந்த வாக்கியத்தில் அவளும் இல்லை, விரலும் இல்லை, கதவுகூட இல்லை. முகமெல்லாம் சுட்டது. மைனஸ் இருபதில் வந்த அழுகை இப்போது மறுபடி கிட்டே வந்தது, அடக்கிக்கொண்டார்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நர்ஸிடம் கேட்டு ஒரு வெள்ளைத் தாள் வாங்கினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி, அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ‘இந்த சாருக்கும்’ என்ற இடத்தில் பேனா நின்றது. நாற்காலி, கடிதம், மச்சான், கேக் எல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றன. அவள் அவசரப்படுத்தவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ‘தெரியும்’ என்று எழுதினார். அவள் சொல்லாத ஒரு வரியைக் கீழே தானே சேர்த்தார்: கட்டையை எடுக்கச் சொல்லி எழுதியது நான். பிறகு முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினார். இதுதான் என்றாள்.

வழக்கமாக நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே எதுவும் போய்ச் சேரும் இயக்குநர் குழுவுக்கு அந்தத் தாளைப் படம் எடுத்து நேராக அனுப்பினார். தலைமைத் தணிக்கையாளருக்கும் அதே நேரத்தில்தான் போயிற்று, ஒரு நிமிடம்கூட முன்னால் இல்லை. வராந்தாவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. படத்தை இன்னும் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது, தலைமைத் தணிக்கையாளரின் குரல் இனிமையாகவே இருந்தது. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாளா என்று கேட்டார்.

“அவங்களால போட முடியல சார்” என்றார். “நான் போட்டிருக்கேன்.”